ஓடுகிற கால் ஏன் நோகிறது?

அதிகாலை ஐந்தரை மணிக்கு நடைப்பயிற்சிக்குப் போகிறவர் நீங்கள் என்றால், பெரம்பலூரானாலும் அரியலூரானாலும், மைதானத்தில் ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். காவலர் வேலைக்கான எழுத்துத் தேர்வு முடிவு வந்த மறுநாளே அந்தக் கூட்டம் இரட்டிப்பாகிவிடும். ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓட வேண்டும். அதுவரை நூலகத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று தினமும் சுற்றிச் சுற்றி ஓடத் தொடங்குகிறார்கள். மூன்றாவது வாரம் கவனியுங்கள். யாராவது ஒரு பையன் படிக்கட்டில் உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பைத் தடவிக்கொண்டிருப்பான். "சுளுக்கா இருக்கும், எண்ணெய் போட்டு நீவி விடு" என்பார் ஒருவர். "வலியோட ஓடு தம்பி, பழகிடும்" என்பார் இன்னொருவர்.

இரண்டு யோசனையும் நல்லெண்ணத்தில் சொல்லப்படுவதுதான். ஆனால் அந்தப் பையனின் ஒரு வருடப் படிப்பு அந்த எலும்பை நம்பி நிற்கிறது. அவனுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று மருத்துவ உலகம் கண்டுபிடிக்க ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆயின. அந்தக் கதையில் நம் பச்சைமலைக்கு மேற்கே, கொல்லிமலையில் பிறந்த ஒருவருக்கும் முக்கியமான இடம் உண்டு. அதனால் இந்த இதழில் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஜெர்மனிக்குப் போவோம். 1855-இல் பிரைட்ஹாவுப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர் ஒரு விஷயத்தை எழுதி வைத்தார். நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களுக்குப் பாதம் வீங்கி வலிக்கிறது. யாரும் கீழே விழவில்லை, அடிபடவில்லை. அப்புறம் ஏன்? அன்று எக்ஸ்ரே கிடையாது. 1895-இல் எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில், 1897-இல், அந்த வீங்கிய பாதங்களுக்குள் எலும்பு விரிசல் விட்டிருப்பது தெரிந்தது. நடந்தே எலும்பு முறியும் என்பது அன்றைக்குப் பெரிய அதிர்ச்சி. இன்று இதை ஸ்ட்ரெஸ் பிராக்சர் என்கிறார்கள். மயிரிழை விரிசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் மைதானத்துப் பையனும் அந்தச் சிப்பாயும் ஒரே கட்சி. வேலைக்குச் சேருவதற்காக, பழக்கமில்லாத காலை ஒரேயடியாக ஓட வைத்தவர்கள்.

இந்த மாதிரி வலிகளுக்கெல்லாம் ஒரு பொதுத் தன்மை உண்டு. எந்த நாளில், எந்த நேரத்தில் வந்தது என்று சொல்ல முடியாது. கால் மடங்கியது, வண்டியிலிருந்து விழுந்தது என்றால் சம்பவம் ஒன்று இருக்கும். இதில் இருக்காது. ஒரே வேலையை ஆயிரம் தடவை செய்ததுதான் சம்பவம்.

நம் ஊர் மருத்துவ மரபு இதை எப்படிப் பார்த்தது? சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று ஒரு முறையே இருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று அதில் வகைகள் உண்டு. வீட்டில் நொச்சி இலை ஒத்தடம், பற்று, வெந்நீர். கிராமத்தில் சுளுக்கு வழிக்க இரட்டைப் பிள்ளைகளைத் தேடிப் போகிற வழக்கத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். எலும்பு முறிந்தால் ஆந்திராவில் உள்ள புத்தூருக்குப் போவார்கள். பிறகு 'புத்தூர் கட்டு' என்ற பலகை தமிழ்நாட்டு ஊர்களுக்கெல்லாம் வந்தது. இவற்றைக் கேலி செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. பிடித்துக்கொண்ட தசையை நீவிவிட்டால் வலி குறைவது உண்மை. ஆனால் இந்த முறைகள் எல்லாம் ஏதோ ஒன்று பிசகிவிட்டது, அதைப் பழைய இடத்தில் வைக்க வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து வந்தவை. ஓடி ஓடித் தேய்ந்த எலும்பில் எதுவும் பிசகவில்லை. அங்கே அழுத்தி நீவினால் நல்லது நடக்காது, விரிசல் இருந்தால் கெடுதலும் நடக்கும்.

ஆங்கில மருத்துவமும் நெடுங்காலம் இதைவிடப் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. ஓய்வு, கட்டு, தைலம், அவ்வளவுதான். பிசியோதெரபி என்று நாம் இன்று சொல்வதன் வேர் ஸ்வீடனில் இருக்கிறது. 1813-இல் ஸ்டாக்ஹோமில் பேர் ஹென்ரிக் லிங் என்பவர் உடற்பயிற்சிக்கென்று ஒரு அரசு நிறுவனம் தொடங்கினார். 1894-இல் லண்டனில் நான்கு செவிலியர்கள் சேர்ந்து மசாஜ் தொழிலுக்கு முறையான சங்கம் அமைத்தார்கள். இரண்டு உலகப் போர்களும் கை கால் முடங்கிய இளைஞர்களை ஆயிரக்கணக்கில் அனுப்பிவைக்க, தொழில் வளர்ந்தது. இந்தியாவுக்கு இது போரால் வரவில்லை, போலியோவால் வந்தது. 1950-களின் தொடக்கத்தில் பம்பாயில் போலியோ பரவியபோதுதான் அங்கே கே.இ.எம். மருத்துவமனையில் பிசியோதெரபி பள்ளி தொடங்கப்பட்டது.

தமிழ்நாட்டுக்கு வந்த வழி இன்னும் வேறு. அது தொழுநோய்.

1914-இல் கொல்லிமலையில் ஒரு பாதிரியார் தம்பதிக்குப் பிறந்தவர் பால் பிராண்ட். மலைப்பாதையில் வெறுங்காலோடு ஓடி விளையாடி வளர்ந்தவர். இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். தொழுநோயாளிகளின் கை மடங்கி நகம் போல ஆகிவிடும். அதை நேராக்க, நன்றாக வேலை செய்யும் தசைநாண் ஒன்றை எடுத்து, செயலிழந்த விரலுக்கு மாற்றிப் பொருத்தினார். அறுவையோடு வேலை முடிவதில்லை. வேறு வேலைக்கு இருந்த தசை அது, அதற்குப் புது வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். மாதக்கணக்கில் பயிற்சி. வேலூரில் பிசியோதெரபி வேரூன்றியதில் இந்தத் தேவைக்கு முக்கியப் பங்கு உண்டு. அவரிடம் பணியாற்றிய மேரி வர்கீஸ் 1954-இல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

பிராண்டைத் துளைத்த கேள்வி பாதம் பற்றியது. தொழுநோயாளியின் பாதத்தில் உணர்ச்சி இருக்காது. அதில் புண் வந்துகொண்டே இருக்கும். ஆணி குத்தியிருந்தால் காரணம் தெரியும். ஆனால் ஆணியும் இல்லை, முள்ளும் இல்லை, வெறுமனே நடந்தவருக்கும் புண். அதே தூரம் நடக்கும் உங்களுக்கும் எனக்கும் ஏன் வருவதில்லை?

1966-இல் அவர் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் என்ற இடத்துத் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். மயக்கம் கொடுத்த எலியின் பாதத்தை ஒரு சிறு இயந்திரம் மெல்ல அழுத்தும். நடக்கும்போது பாதம் தாங்குகிற அளவு அழுத்தம்தான். ஒரு தடவை அழுத்தினால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு நாளைக்கு 10,000 தடவை, நாள் தவறாமல் அழுத்தியபோது, சில நாளில் பாதம் சிவந்து சூடானது, பிறகு புண்ணானது. அடுத்து எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்து, வாரத்தில் ஓய்வு நாளும் விட்டுப் பார்த்தார்கள். அதே இயந்திரம், அதே அழுத்தம். இந்தத் தடவை புண் வரவில்லை. பாதத்தின் தோலும் தசையும் முன்பைவிடத் தடித்து உறுதியாகிவிட்டன.

கொஞ்சம் நின்று இதை யோசித்துப் பாருங்கள். பாதத்தைக் கெடுத்ததும் பலப்படுத்தியதும் ஒரே பளுதான். வித்தியாசம் எண்ணிக்கையிலும் இடைவெளியிலும் மட்டும். களைக்கொத்து பிடித்தே காய்த்துப்போன நம் பாட்டிமார்களின் உள்ளங்கையும், முதல் நாள் மண்வெட்டி பிடித்த கல்லூரிப் பையனின் கொப்புளமும் இதே கணக்குத்தான்.

நமக்கு ஏன் புண் வருவதில்லை என்பதற்கும் பிராண்ட் பதில் சொன்னார். நடந்துகொண்டே இருக்கும்போது பாதத்தின் ஒரு இடம் நொந்தால், நமக்கே தெரியாமல் பாரத்தை இன்னொரு பக்கம் மாற்றிக்கொள்கிறோம். வலிதான் அதைச் செய்ய வைக்கிறது. 'வலியோட ஓடு' என்று சொல்கிறவர், உணர்ச்சியுள்ள பாதத்தை உணர்ச்சியில்லாத பாதம் போல நடத்தச் சொல்கிறார்.

அப்படியானால் முழு ஓய்வுதான் மருந்தா? அங்கேதான் கதையின் அடுத்த திருப்பம். அதற்குக் கிரிக்கெட்டுக்கு வர வேண்டும்.

1973-இல் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லிக்கு மேற்கிந்தியத் தீவுகள் பயணத்தில் கீழ்முதுகு எலும்பில் ஸ்ட்ரெஸ் பிராக்சர் ஏற்பட்டது. ஆறு வாரம் உடம்பில் பிளாஸ்டர் கட்டு. அவர் ஆட்டம் முடிந்தது என்று பலரும் நினைத்தார்கள். கட்டைப் பிரித்த பிறகு, மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் உடற்பயிற்சி அறிஞர் பிராங்க் பைக் அவருக்காக ஒரு திட்டம் வகுத்தார். தசைகளைப் படிப்படியாகப் பலப்படுத்துவது, ஓட்டத்தை மெல்லக் கூட்டுவது, பந்து வீசும் முறையையே மாற்றியமைப்பது. 1974-75 ஆஷஸ் தொடரில் லில்லி 25 விக்கெட் எடுத்தார். எலும்பைச் சேர வைத்தது பிளாஸ்டர். பந்து வீச வைத்தது அதற்குப் பின் நடந்த உழைப்பு.

1987-இல் சென்னையில் எம்.ஆர்.எஃப். பேஸ் பவுண்டேஷன் தொடங்கியபோது பயிற்சியாளராக வந்தவர் இதே லில்லிதான். முதுகு முறிந்தவர் முதுகு முறியாமல் பந்து வீசக் கற்றுக்கொடுக்க வந்தார். ஆனாலும் வேகப்பந்து வீச்சாளரின் முதுகு அவ்வளவு சுலபமாக விட்டுவிடுவதில்லை. 2004-இல் பாகிஸ்தானில் சிரித்துக்கொண்டே பந்து வீசி எல்லோர் மனதையும் அள்ளிய நம் லட்சுமிபதி பாலாஜிக்கும் அதே முதுகு, அதே ஸ்ட்ரெஸ் பிராக்சர். சில ஆண்டுகள் களத்திலேயே இல்லை. 2008 மே 10 அன்று சேப்பாக்கத்தில் பஞ்சாப் அணிக்கு எதிராக ஹாட்ரிக் எடுத்தார். ஐ.பி.எல். வரலாற்றின் முதல் ஹாட்ரிக் அது. தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மூன்று பந்தைத்தான் பார்த்தோம். அதற்குப் பின்னால் எத்தனை நூறு நாள் பயிற்சி இருந்திருக்கும் என்பதை அவரும் அவருடைய பிசியோக்களும் மட்டுமே அறிவார்கள்.

அதே காலத்தில் வீடுகளுக்கு இன்னொரு வழிமுறையும் பரவியது. 1978-இல் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர் தன் புத்தகத்தில் நான்கு சொல் எழுதினார்: ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல். உலகம் முழுவதும் விளையாட்டு ஆசிரியர்கள் இதை மனப்பாடம் செய்தார்கள். நம் பள்ளிகளிலும் கிரேப் பேண்டேஜும் ஐஸ் கட்டியும் வந்து சேர்ந்தன. ஏறத்தாழ 35 ஆண்டுக்குப் பிறகு மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார். ஐஸ் வைத்தால் வலி குறையும், முதல் ஓரிரு நாள் வைப்பதில் தப்பில்லை. ஆனால் அது வலிக்கான மருந்து, காயத்துக்கான மருந்து அல்ல.

எனக்கு மிகவும் பிடித்த கதை இனிமேல்தான். ஸ்வீடனில் ஹாகன் ஆல்ஃபிரட்சன் என்று ஒரு எலும்பு மருத்துவர். ஓட்டப் பிரியர். கெண்டைக்காலையும் குதிகாலையும் இணைக்கிற தடித்த தசைநாணில் அவருக்குத் தீராத வலி. அறுவை செய்யுங்கள் என்று தன் மேலதிகாரியைக் கேட்டார். உனக்கு விடுப்பு கொடுக்க முடியாது, அறுவையும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். சரி, இதை இன்னும் மோசமாக்கினால் அறுவை செய்துதானே ஆக வேண்டும் என்று, வலிக்க வலிக்க அந்தத் தசைநாணுக்குப் பளு ஏற்றத் தொடங்கினார். படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குவது. கெடுக்கப் போனவருக்குக் குணமாகிவிட்டது. அவரே பின்னாளில் சொன்னது இது.

1998-இல் அதை முறையாகச் சோதித்து வெளியிட்டார். நீண்ட நாள் வலியோடு இருந்த 15 ஓட்டக்காரர்கள். முழங்காலை நீட்டி 15 தடவை வீதம் மூன்று சுற்று, மடக்கி அதேபோல மூன்று சுற்று, காலையும் மாலையும். நாளுக்கு 180 தடவை, 12 வாரம். பதினைந்து பேரும் பழையபடி ஓடத் திரும்பினார்கள். அதன் பிறகு வந்த ஆய்வுகளில் எல்லோருக்கும் இப்படி அமோகமாகப் பலிக்கவில்லை, எண்ணிக்கையைக் குறைத்தாலும் பலன் இருந்தது. ஆனால் திசை மாறிவிட்டது. அடிபட்ட தசைநாண் ஓய்வில் பலவீனமாகிறது, அளவான பளுவில் பலமாகிறது. கார்வில் எலி சொன்னதைத்தான் ஸ்வீடன் படிக்கட்டும் சொன்னது.

நீங்கள் பிசியோ மையத்துக்குப் போய் 'கரண்ட் வைத்துவிட்டு வந்தேன்' என்று சொல்கிறீர்கள் அல்லவா? அந்த இயந்திரங்கள் வலியைக் கொஞ்ச நேரம் தணிக்கும். சாப்பாட்டில் அது ஊறுகாய். அவர்கள் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிற பயிற்சிதான் சோறு. அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, பத்து நாள் கரண்ட் வைத்தும் சரியாகவில்லை என்று மருத்துவரை மாற்றுகிறவர்கள் நம் தெருவிலேயே நிறைய.

இதெல்லாம் விளையாடுகிறவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். டென்னிஸ் எல்போ என்ற பெயர் 1880-களில் இங்கிலாந்தில் புல்தரை டென்னிஸ் பரவிய பிறகு வந்தது. அதற்கு முன்பே, 1873-இல், ஒரு ஜெர்மானிய மருத்துவர் அதே முழங்கை வலியை எழுதி எழுதிக் கைநொந்தவர்களிடம் விவரித்துவிட்டார். டென்னிஸ் மட்டையையே தொடாத பெண்களுக்குத்தான் நம் பக்கத்தில் அது அதிகம் வருகிறது என்று தோன்றுகிறது. துணி பிழிவது, மாவு பிசைவது, செட்டிகுளம் பக்கத்தில் சின்ன வெங்காயக் காட்டில் நாள் முழுக்கக் களைக்கொத்து பிடிப்பது. கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டு வலியை 1895-இல் சுவிஸ் மருத்துவர் டி குவெர்வெய்ன் விவரித்தார். கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி இறக்குகிற தாய்மாருக்கு அது வரும். ஜெயங்கொண்டம் பக்கத்துத் தறியில் மிதி மிதிப்பவரின் முழங்கால், சிமெண்ட் லாரி ஓட்டுநரின் இடுப்பு, முந்திரிக்கொட்டை பொறுக்குபவரின் முதுகு எல்லாம் இதே குடும்பம். 1700-இலேயே ராமாசினி என்ற இத்தாலிய மருத்துவர், நோயாளியிடம் உங்கள் தொழில் என்ன என்று கேளுங்கள் என்று எழுதி வைத்தார். பந்து வீச்சாளருக்குக் கிடைக்கிற கவனம் பருத்தி எடுப்பவருக்குக் கிடைப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

பிள்ளைகள் விஷயத்தில் ஒன்று. பெரம்பலூரில் மாணவியருக்கான அரசு விளையாட்டு விடுதி இருக்கிறது. அரியலூர்க்காரரான கார்த்தி செல்வம் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய ஹாக்கி அணிக்காக ஆடி வெண்கலம் வென்றார். இதையெல்லாம் பார்த்து நம் பிள்ளைகளும் மைதானத்துக்குப் போகிறார்கள், நல்லது. பதினொன்று முதல் பதினைந்து வயதுக்குள் வேகமாக வளரும் பிள்ளைக்கு முட்டிக்குக் கீழே ஒரு புடைப்பும் வலியும் வந்தால் உடனே பயந்து விளையாட்டை நிறுத்திவிடாதீர்கள். 1903-இல் பாஸ்டனில் ஆஸ்குட், சூரிச்சில் ஷ்லாட்டர் என்ற இருவர் தனித்தனியே விவரித்த தொல்லையாக அது இருக்கலாம். வளர்ச்சி நிற்கும்போது பெரும்பாலும் தானே அடங்கிவிடும். மருத்துவரிடம் ஒரு தடவை காட்டி உறுதி செய்துகொண்டு, ஓட்டத்தையும் குதிப்பதையும் வலிக்கேற்பக் குறைத்தால் போதும்.

காவலர் தேர்வுக்கு ஓடும் பையனுக்கு வருவோம். முன்பக்க எலும்பு நெடுக நோவதும், ஓட ஓட இளகி, நிறுத்தினால் குறைவதுமாக இருந்தால், ஓட்டத்தைப் பாதியாக்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடி, கெண்டைக்காலுக்குப் பயிற்சி கொடுத்தால் அநேகமாகச் சரியாகும். ஒரு விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி ஒரே புள்ளியில் வலித்தால், ஓட ஓடக் கூடினால், இரவில் படுத்த பிறகும் வலித்தால், அந்த இடத்தை நீவக் கூடாது, ஓடவும் கூடாது. முதல் இரண்டு மூன்று வாரத்து எக்ஸ்ரேயில் மயிரிழை விரிசல் தெரியாமலே போகலாம். 'எக்ஸ்ரேல ஒண்ணுமில்ல' என்றதும் மறுபடி ஓடிவிட வேண்டாம். எலும்பு மருத்துவரிடம் வலியின் தன்மையைச் சொல்லி மறுபடி கேட்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஒரு காலத்தில் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ பஸ் ஏற வேண்டியிருந்தது. இப்போது அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் அதுவும் ஒன்று. நடக்க முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் சேர்ந்திருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வைத்தால் வீட்டுக்கே வந்து பயிற்சி சொல்லிக் கொடுப்பார்கள். வருகிறவரிடம் மறக்காமல் கேளுங்கள்: எந்தப் பயிற்சி, எத்தனை தடவை, எத்தனை நாள் விட்டு.